டிவிடி மெதுவாக ஓடினால் பழுது என்று பொருளா?

"இந்த டிரைவ் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்." டிவிடி வட்டு ஒன்றைக் கணினியில் போட்டுவிட்டுக் கோப்புகள் நகராமல் நிற்பதைப் பார்க்கும்போது, நம் வீடுகளில் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, நேரே தீர்ப்பு!

மாணவர்களே, இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. மெதுவாகப் படிக்கும் டிரைவ் பெரும்பாலும் ஏதோ ஒரு சிக்கலோடு போராடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிக்கல் வட்டில் இருக்கலாம், டிரைவில் இருக்கலாம், கணினியில் இருக்கலாம். எதில் என்று தெரியாமல் கடைக்கு ஓடினால், புது டிரைவிலும் அதே மெதுவான ஓட்டத்தைத்தான் பார்க்க வேண்டிவரும். எதில் என்று கண்டுபிடிக்க நீங்கள் பள்ளியில் படித்த அறிவியலே போதும். அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

"இந்தக் காலத்தில் யார் டிவிடி பார்க்கிறார்கள்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இன்று விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் டிவிடி டிரைவே கிடையாது. ஆனால் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். அம்மா அப்பாவின் திருமணம், அக்காளின் காதணி விழா, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், பத்துமலையில் மாமா காவடி எடுத்தது என்று வீடியோக்காரர் எழுதிக் கொடுத்த வட்டுகள் அங்கே அடுக்கி இருக்கும். அவை இணையத்தில் இல்லை, யாருடைய கைப்பேசியிலும் இல்லை. அந்த வட்டு படிக்கப்படாமல் போனால், அதில் உள்ள குரல்களும் முகங்களும் போய்விடும். ஆகவே இது பழைய கருவியைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று.

முதலில் அளந்து பாருங்கள்

மெதுவு என்கிறோம். எதை விட மெதுவு? அளவு இல்லாத குறை, காய்ச்சல்மானி வைக்காமல் சொல்லும் காய்ச்சல் போன்றது.

டிவிடியில் 1 மடங்கு வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.385 மெகாபைட். குறுந்தட்டில் 1 மடங்கு வேகம் நொடிக்கு 150 கிலோபைட் மட்டுமே. அதனால்தான் பெட்டியில் 16 என்று போட்டிருக்கும் டிவிடி வேகம், 52 என்று போட்டிருக்கும் குறுந்தட்டு வேகத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிகாபைட் தகவல் கொள்ளும். அதை 1 மடங்கு வேகத்தில் படித்து முடிக்க ஏறத்தாழ 57 நிமிடம் ஆகும். 16 மடங்கு வேகம் கொண்ட மேசைக் கணினி டிரைவ், நல்ல வட்டு ஒன்றை 5, 6 நிமிடங்களில் முடித்துவிடும். 8 மடங்கு வேகம் கொண்ட மெல்லிய வெளி டிரைவுக்குப் பத்து நிமிடம் வரை பிடிக்கும். உங்கள் டிரைவ் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். நாற்பது நிமிடம் என்றால்தான் விசாரணை தேவை.

அளப்பது எளிது. ஒரு பெரிய கோப்பை நகல் எடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 மெகாபைட் கோப்புக்கு 200 நொடி ஆனால், வேகம் நொடிக்கு 5 மெகாபைட். அதை 1.385-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.6 மடங்கு. இந்த எண் கையில் இருந்தால், பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பயன் தந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

வேகம் குறைவது ஏன்?

டிவிடியின் தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 0.74 மைக்ரோமீட்டர். மிகச் சிறிய குழியின் நீளம் 0.4 மைக்ரோமீட்டர். 650 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு லேசர் ஒளி இந்தக் குழிகளின்மேல் ஓடித் தகவலைப் படிக்கிறது. 16 மடங்கு வேகத்தில் வட்டு நிமிடத்துக்கு 9,000 தடவைக்கு மேல் சுழலும். அப்போது தகவல் பகுதியின் வெளி விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் உச்ச வேக வரம்பே 110 கிலோமீட்டர்தான்!

இப்படிப் பறக்கும் வட்டில் ஒரு தூசியோ கீறலோ குறுக்கிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 1960-இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணித வல்லுநர்கள் ஒரு பிழைதிருத்தும் முறையை வெளியிட்டார்கள். டிவிடியில் தகவல் 32 கிலோபைட் தொகுதிகளாகப் பதிவாகிறது. ஒவ்வொரு தொகுதியோடும் ஏறத்தாழ 4,800 பைட் கூடுதல் கணக்கு எண்கள் சேர்க்கப்படுகின்றன. சில பைட்டுகள் அழிந்துபோனாலும், மிச்சம் உள்ளவற்றையும் இந்தக் கணக்கு எண்களையும் கொண்டு அழிந்ததைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் கியூஆர் குறியீடு சற்றுக் கிழிந்திருந்தாலும் வேலை செய்வது இதே முறையால்தான்.

சேதம் இந்த முறையின் எல்லையைத் தாண்டினால் டிரைவ் உடனே கைவிடுவதில்லை. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அப்போதும் முடியாவிட்டால் சுழலும் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். உள்ளே மோட்டார் ஏறி இறங்கும் ஓசை கேட்கிறதே, அது இந்த முயற்சியின் ஓசை. மங்கலான கையெழுத்தை நாம் நிதானமாகப் படிப்பதில்லையா, அதைப் போலத்தான். அந்த நேரத்தில் டிரைவைத் திட்டுவது, படிக்க முயல்பவரின் கண்ணாடியைப் பிடுங்குவதற்குச் சமம்.

கோட்டின் வடிவம் சொல்லும் கதை

விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த கணினிகளில், கோப்பை நகல் எடுக்கும்போது தோன்றும் பெட்டியை விரித்துப் பார்த்தால் வேகம் ஒரு வரைபடமாகத் தெரியும். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. நான் அதை ஒரு மருத்துவ அறிக்கை என்பேன்.

டிவிடி உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் படிக்கப்படுகிறது. தகவல் பகுதி மையத்திலிருந்து 24 மில்லிமீட்டர் தூரத்தில் தொடங்கி 58 மில்லிமீட்டர் வரை போகிறது. வட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளிச் சுற்று பெரிது என்பதால் அங்கே ஒரு சுற்றில் அதிகத் தகவல் கிடைக்கும். ஆகவே 16 மடங்கு டிரைவ் தொடக்கத்தில் 6 அல்லது 7 மடங்கில்தான் படிக்கும். முடிவில்தான் 16-ஐத் தொடும். கோடு மெல்ல மேலே ஏறிக்கொண்டே போனால் எல்லாம் நலம். 8.5 ஜிகாபைட் இரட்டை அடுக்குத் திரைப்பட வட்டுகளில் இரண்டாம் அடுக்கு பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே படிக்கப்படும். அங்கே கோடு மலைபோல் ஏறி இறங்கினாலும் கவலை வேண்டாம்.

கோடு நன்றாக ஏறிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் பள்ளத்தில் விழுந்து, பிறகு மீண்டும் எழுந்தால், அந்த இடத்தில் வட்டில் கறையோ கீறலோ இருக்கிறது. சந்தேகம் வட்டின்மேல்.

கோடு தொடக்கம் முதல் முடிவு வரை தாழ்வாக, மேசைபோல் தட்டையாக இருந்தால், தகவல் வரும் வழி குறுகலாக இருக்கிறது என்று எண்ணலாம். கீறலுக்கு இப்படி ஒரே சீராக இருக்கத் தெரியாது. சந்தேகம் கணினியின்மேல் அல்லது கம்பியின்மேல்.

எந்த வட்டைப் போட்டாலும் கோடு எங்கும் நடுங்கிக்கொண்டே இருந்தால், லென்ஸில் தூசி படிந்திருக்கலாம் அல்லது லேசருக்கு வயதாகியிருக்கலாம். சந்தேகம் டிரைவின்மேல்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

சந்தேகத்தை உறுதிப்படுத்த மூன்று சோதனைகள் போதும். அதே டிரைவில் வேறொரு வட்டைப் போடுங்கள். அதே வட்டை வேறொரு டிரைவில் போடுங்கள். அதே டிரைவை வேறொரு துளையில் அல்லது வேறொரு கணினியில் பொருத்துங்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்ற இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். அறிவியல் பாடத்தில் மாறிகள் என்று படித்தீர்களே, அது தேர்வில் எழுத மட்டும் அன்று, இதற்காகவும்தான். வட்டைத் துடைத்து, கம்பியை மாற்றி, கணினியையும் திரும்பத் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தால் சிக்கல் தீரலாம். ஆனால் எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே சிக்கல் வந்தால் மறுபடியும் இருட்டில்தான் தடவ வேண்டும்.

கணினிப் பக்கம் தப்பு இருந்தால் எங்கே பார்ப்பது? வெளி டிரைவ் என்றால் முதலில் யுஎஸ்பி துளை. மிகப் பழைய யுஎஸ்பி 1.1 துளையில் நொடிக்கு 12 மெகாபிட்தான் போகும், அதாவது 1.5 மெகாபைட்டுக்கு மேல் வழியே இல்லை. அங்கே எவ்வளவு நல்ல டிரைவும் 1 மடங்கு வேகத்தில் நொண்டும். யுஎஸ்பி 2.0 துளை வேகத்துக்குப் போதும். ஆனால் அது தரும் மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர் மட்டுமே. வட்டைச் சுழற்றத் தொடங்கும் நேரத்தில் சில டிரைவுகளுக்கு இது பற்றாது. ஒரே துளையை நான்காகப் பிரிக்கும் பெட்டியில் செருகியிருந்தால், அதைக் கழற்றி நேரே கணினியில் செருகிப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு செலவே இல்லை.

சில வீடுகளில் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மேசைக் கணினி இன்னும் இருக்கும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. டிரைவிலிருந்து தகவல் நேரே நினைவகத்துக்குப் போகும் டிஎம்ஏ என்ற விரைவு வழியும், மையச் செயலியே ஒவ்வொரு துண்டாகச் சுமந்து செல்லும் பிஐஓ என்ற மெதுவான வழியும் அதில் உள்ளன. விரைவு வழியில் ஆறு பிழைகள் சேர்ந்ததும் எக்ஸ்பி வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் மெதுவான வழிக்கு மாறிவிடும். நேற்றுப் போட்ட கீறல் விழுந்த வட்டினால், இன்று போடும் நல்ல வட்டும் மெதுவாகும்! காரணம் போய்விட்டது, விளைவு மட்டும் தங்கிவிட்டது. சாதன மேலாளரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டுக் கணினியைத் திரும்பத் தொடங்கினால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து மீண்டும் விரைவு வழியைக் கொடுக்கும். இத்தகைய டிரைவ்களையும் பழுது என்று தூக்கிப் போட்டால் அது யார் குற்றம்?

இன்னொன்றும் உண்டு. திரைப்பட வட்டு என்று தெரிந்ததும், இரைச்சலைக் குறைப்பதற்காக வேகத்தைத் தாங்களே கட்டுப்படுத்தும் டிரைவ்கள் இருக்கின்றன. அது வடிவமைத்தவர் எடுத்த முடிவு, பழுது அன்று. ஆகவே திரைப்பட வட்டை மட்டும் வைத்து டிரைவை எடை போடாதீர்கள்; கோப்புகள் உள்ள வட்டு ஒன்றையும் போட்டு ஒப்பிடுங்கள்.

தீங்கு செய்யாதது முதலில்

சோதனைகளின் வரிசையைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. தீங்கு செய்யாதது முதலில், திரும்பப் பெற முடியாதது கடைசியில். துளையை மாற்றுவது வட்டைத் தொடாது. துடைப்பது வட்டைத் தொடும். பற்பசை பூசித் தேய்ப்பது வட்டையே மாற்றிவிடும். குடும்பத்தின் ஒரே திருமண வட்டில் பற்பசை வைத்தியத்தை முதலில் செய்பவர், நோயாளியின் நாடியைப் பார்க்காமல் கத்தியை எடுப்பவர்.

துடைக்கும்போது மென்மையான, நூல் உதிராத துணியால் மையத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. காரணம் பிழைதிருத்தும் முறையிலேயே இருக்கிறது. துடைக்கும்போது கீறல் விழுந்தாலும், நேர்க் கீறல் ஒவ்வொரு தடத்திலும் கொஞ்சம்தான் அழிக்கும். அதைக் கணக்கு எண்கள் மீட்டுவிடும். வட்டமான கீறல் ஒரே தடத்தின் வழியே ஓடி, அடுத்தடுத்த தகவலை நீளமாக அழிக்கும். அதை மீட்பது கடினம்.

வட்டின்மேல் காகிதப் பெயர்ச்சீட்டு ஒட்டும் பழக்கமும் வேண்டாம். ஒரு பக்கம் கனம் கூடினால், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் வட்டு அதிரும். அதிர்வை உணர்ந்து டிரைவ் வேகத்தைக் குறைக்கும். டிரைவைத் திறந்து லென்ஸைத் துடைக்கும் ஆசையும் உங்களுக்கு வேண்டாம். மூடியிருக்கும்வரை டிரைவ் பாதுகாப்பானது. திறந்தால் லேசர் கண்ணைக் காயப்படுத்தலாம். அதிலும் குறுந்தட்டைப் படிக்கும் 780 நானோமீட்டர் ஒளி நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆபத்து இருப்பதே புலப்படாது.

நம் நாட்டின் வெக்கையும் ஈரமும் வட்டுகளுக்கு எதிரிகள். வீட்டில் எழுதிய வட்டுகளில் தகவல் ஒரு சாய அடுக்கில் பதிவாகிறது; வெளிச்சமும் சூடும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். காருக்குள் வெயிலில் விட்ட வட்டு நாளாக நாளாக மங்குவது இதனால்தான். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் ஒரு குறுந்தட்டைப் பூஞ்சை அரித்திருந்ததை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2001-இல் அறிவித்தார்கள். பெலீஸும் நம்மைப் போல வெக்கையும் ஈரமும் நிறைந்த நாடுதான். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த வட்டின்மேல் ஈரம் படியலாம். அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள்.

ஒரே பிரதியாக உள்ள வட்டு மெதுவாக ஓடத் தொடங்கினால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு அன்றே நகல் எடுக்க வேண்டும். முழு வட்டையும் ஒரே இழுப்பில் இழுக்காமல் கோப்பு கோப்பாக எடுங்கள். வருவதை முதலில் காப்பாற்றுங்கள். அடம்பிடிப்பதைக் கடைசிக்கு விடுங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுத்த கோப்பை இன்னொரு டிரைவ் படிப்பதுண்டு. இரண்டிலும் கிடைத்ததைச் சேர்த்தால் முழுமையாகிவிடும். எடுத்த நகலை இரண்டு இடங்களில் வையுங்கள்.

செலவும் கழிவும்

"புது டிரைவ் ஒன்றும் பெரிய விலை இல்லையே, இவ்வளவு நேரம் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று பெரியவர்கள் கேட்கலாம். சோதனையில் டிரைவ்தான் குற்றவாளி என்று தெரிந்தால் வாங்குங்கள். நானும் தடுக்க மாட்டேன். லேசர் வயதாகித் தளர்ந்தால் அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. ஆனால் குற்றம் கம்பியில் இருக்கும்போது டிரைவை மாற்றினால், பணமும் போகும், சிக்கலும் நிற்கும், வேலை செய்யும் ஒரு கருவியும் குப்பைக்குப் போகும். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை மின்னணுக் கழிவை அட்டவணையிட்ட கழிவுகளில் சேர்த்திருக்கிறது. அதைச் சோற்றுக் குப்பையோடு வீசுவது முறையன்று.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவியல் கழகமும் கணினிக் கழகமும் சேர்ந்து தவணைக்கு ஒரு நாள் வட்டு மீட்பு நாள் நடத்தலாம். பழைய டிரைவ்கள் இரண்டு மூன்று இருந்தால் போதும். மாணவர்கள் தங்கள் வீட்டு நிகழ்ச்சி வட்டுகளைக் கொண்டுவரட்டும். வட்டு, டிரைவ், துளை, வேகம் என்று நான்கு பத்தி அட்டவணை போட்டு எண்களை நிரப்பட்டும். எந்தப் பத்தியை மாற்றியபோது வேகம் மாறியது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அன்று கற்ற முறை நாளை மெதுவான வைஃபைக்கும், அச்சடிக்க மறுக்கும் அச்சுப்பொறிக்கும் கைகொடுக்கும்.

பள்ளி தொடங்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் சனிக்கிழமை அம்மாவிடம் கேட்டு அந்த அலமாரியைத் திறங்கள். மூன்று வட்டுகளை எடுங்கள். கடிகாரம் ஒன்று, பென்சில் ஒன்று, காகிதம் ஒன்று போதும். முதல் எண்ணை எழுதுங்கள். தீர்ப்பை அதற்குப் பிறகு சொல்லலாம்.